ஜனக்புரி அண்ணாச்சியின் காபி மெஷின்

காபிப் பொடியை எவ்வளவு அழுத்துவது, பாலை எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பதையெல்லாம் இந்த வாரப் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. இப்போது வரும் மெஷின்கள் பாதி வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. சூடு அதிகமானால் தாமே அணைந்தும் விடுகின்றன. நான் பேச வந்தது மெஷினைப் பற்றி அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, அவர் கையில் கொதிக்கும் ஆவியைக் கொடுத்துவிட்டு வருகிற வேலை இது. கொடுத்தோம், கிளம்பினோம், முடிந்தது என்று இருந்துவிட முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் டில்லியில் இந்த வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எஸ்பிரசோ என்றால் கல்யாண வீட்டுக் காபி. பந்தல் ஓரத்தில் ஆள் உயர மெஷின் ஒன்று உஸ்ஸென்று சீறிக்கொண்டு நிற்கும். பாலில் ஆவியை விட்டு நுரை எழுப்பி, மேலே சாக்லேட் தூளைத் தூவிக் கொடுப்பார்கள். குளிருக்கு அதைக் குடித்துவிட்டு, இதை வீட்டிலேயே போட முடியுமா என்று கேட்டுக்கொண்டு எங்கள் கரோல் பாக் கடைக்கு வருவார்கள். எங்கள் முதலாளி வெளிநாட்டிலிருந்து சின்ன மெஷின்களை வரவழைத்து விற்றார். வாங்கியவர் வீட்டுக்குப் போய், கப்புச்சினோ போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ‘டெமோ மேடம்’ என்பார்கள். ராஜோரி கார்டனில் ஒரு அம்மாள், நான் கோப்பையைக் கழுவித் திரும்புவதற்குள் கொதிகலனில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுவிட்டு, “இஸ்மே சாய் பீ பனேகீ நா, பேட்டா?” என்று கேட்டார், இதில் டீயும் போடலாம்தானே என்று. அன்று முழுக்கக் குழாயைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன்.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்த பெண்மணி, வேலையை விடுவதற்கு முன் என்னை ஒரு மாதம் தன்னோடு கூட்டிக்கொண்டு அலைந்தார். அதிகம் பேசமாட்டார். என்னிடம் சொன்னது ஒன்றுதான். “நீ போட்டுக் காட்டினா அவங்க கை தட்டுவாங்க. அவங்களைப் போட விட்டாத்தான் கத்துக்குவாங்க. உன் கையைப் பின்னாடி கட்டிக்கோ.” கேட்பதற்கு எளிது. மற்றவர் தவறாகச் செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே போகப் போகப் பார்ப்பீர்கள்.

அந்தக் கால மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. மேலே ஒரு திருகுமூடி. அதைத் திறந்து தண்ணீர் ஊற்றி இறுக்கி மூட வேண்டும். முன்னால் நீண்ட கைப்பிடி வைத்த ஒரு கிண்ணம், அதில் காபிப் பொடி. பக்கத்தில் பாலை நுரைக்க ஒரு சின்னக் குழாய், அதைத் திறந்து மூட ஒரு குமிழ். தண்ணீர் கொதித்து, ஆவியின் அழுத்தத்தால் பொடி வழியாக இறங்கிக் காபியாக வரும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியையோ கைப்பிடியையோ கழற்றினால் கொதிநீரும் பொடியும் முகத்தில் வந்து அடிக்கும். முதலில் குமிழைத் திறந்து மிச்ச ஆவியை வெளியே விட வேண்டும். சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கைப்பிடியில் கை வைக்கலாம்.

ஜனக்புரியிலிருந்து சரோஜா அக்கா போன் செய்தது மழைக்காலம் முடிந்த சமயம். அவர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது எங்கள் கடையில் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டாவது மாடியில் வீடு. கதவைத் திறந்ததும், என் பேர், ஊர் எல்லாம் விசாரித்தார். “எஸ்தர். பாளையங்கோட்டை” என்றேன். “அடடே, நமக்குத் தென்காசில்லா!” என்று கையைப் பிடித்து நேரே அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அங்கே போனதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க பாருங்க எஸ்தர். பையன் ஆசையா வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டான். இப்ப அவன் அப்பா இது எனக்குத்தான்னு நிக்காவ. அவியளுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. நீங்க சும்மா சுவிட்சப் போட்டுப் பாத்துட்டு, மெஷின்ல ஏதோ கோளாறு, கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிருங்க. பொறவு நான் பையன்ட்ட பேசிக்கிடுதேன்.”

நான் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

“சரோஜா, எனக்குக் கண்ணுதான் போயிட்டு. காது நல்லாத்தான் இருக்கு. கோளாறு மெஷின்லயா எங்கிட்டயான்னு அவங்களையே சொல்லச் சொல்லு.”

சபேசன் அண்ணாச்சி மத்திய அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய் வந்து, பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வேலையை விட்டார். ஒருநாள் மனைவி இல்லாதபோது டீ போடப் போய், சால்வை நுனியில் தீப்பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து அணைத்தார். அன்றிலிருந்து அவரை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. சரோஜா அக்காவின் பயத்தில் நியாயம் இருந்தது. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அண்ணாச்சியின் பக்கமும் நியாயம் இருந்தது. என்னை எதிரே உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

“காலைல அவ எழுந்திரிச்சு எல்லாம் செஞ்சு வச்சுட்டு, என் சட்டையக் கூட எடுத்து மாட்டிட்டு ஸ்கூலுக்குப் போறா. மத்தியானம் வந்து மறுபடியும் அடுப்படிக்குள்ள போறா. நான் இந்த நாற்காலில உக்காந்து ரேடியோ கேக்கேன். அவ வாரப்ப ஒரு காபி போட்டுக் கையில குடுக்கணும் தங்கச்சி. வேற ஒண்ணும் இல்ல. இதுல தீ கெடயாதுல்லா?”

“தீ கெடயாது அண்ணாச்சி. ஆவி இருக்கு. அது தீய விடப் பொல்லாதது. வெளிச்சமும் கெடயாது, மணமும் கெடயாது.”

“வெளிச்சம் இருந்தாலும் எனக்கு என்ன பிரயோசனம்? சத்தம் இருக்குல்லா, அது போதும்.”

எனக்கும் ஊர்த் தமிழ் அதுதான். அவரோடு பேசும்போது தானாக வந்துவிட்டது.

இங்கே நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மெஷினில் கோளாறு என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. சரோஜா அக்காவுக்கு நிம்மதி. கம்பெனிக்கும் வம்பில்லை. ஆனால் அந்த மனிதருக்கு எஞ்சியிருந்த ஒரே ஆசையை ஒரு பொய்யால் எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் இரக்கப்பட்டு ஆவியைக் கையில் கொடுக்கவும் கூடாது. “அக்கா, நான் கொஞ்சநாள் வந்து கற்றுக்கொடுக்கிறேன். சரிப்படவில்லை என்றால் அவரிடமே நேரே சொல்லி மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன்” என்றேன்.

“நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அப்ப யாரு வருவா?”

“நான் வருவேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது.

கற்றுக்கொடுத்த கதையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து அங்கே போவேன். தண்ணீருக்கு ஒரு டம்ளர் வைத்தோம். அந்த டம்ளர் அளவுக்கு மேல் ஊற்றக்கூடாது. காபி இறங்கும்போது மெஷின் ஒருவிதமாக முனகும், முடியும்போது கொப்பளிக்கும். பால் குளிர்ந்திருக்கையில் குழாய் கீச்சென்று கத்தும். சூடு ஏற ஏறக் குரல் அடங்கி ஆழமாகும். பாத்திரத்தை வெளிப்புறத்தில் தொட்டு, உள்ளங்கை பொறுக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்துச் செய்துகொண்டிருந்தவை. அவருக்குச் சொல்லவேண்டி வந்தபோதுதான் எனக்கே காதில் விழுந்தன. முதல் நாள் பால் முழுவதும் என் புடவையில். இரண்டாம் தடவை சுவரில். சரோஜா அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்.

ஒருநாள் நுரை நன்றாக எழும்பி வந்தது. அண்ணாச்சி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மனைவியிடம் நீட்டினார். அவர் குடித்துவிட்டு, “சீனி பத்தல” என்றார். அண்ணாச்சி அன்று சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதன் பிறகு நான் போக வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் சரோஜா அக்கா படியேறி வரும் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, பாலில் ஆவி விடத் தொடங்குவாராம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை. பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கடையில் புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் போன் என்றார்கள்.

“தங்கச்சி, சபேசன் பேசுதேன். மெஷின் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“சரோஜாவுக்கு இன்னைக்கு அரைநாள்தான். சீக்கிரம் வருவா. அதான் நேரத்தோட போட்டேன். காபி எறங்கவே மாட்டேங்கு. முனகலும் இல்ல. சரி, ஆவிய வெளிய விடுவோம்னு குமிழத் தெறந்தேன். அதுலயும் ஒண்ணும் வரல.”

இரண்டு வழியும் அடைத்திருக்கிறது.

“என்ன பொடி போட்டீங்க?”

“மெஷின் பொடி தீந்துட்டு. மேத்தட்டுல டப்பா இருந்துது, அதுலேந்து போட்டேன். நல்லா அமுக்கித்தான் போட்டேன்.”

அது பில்டர் காபிப் பொடி. மாவு மாதிரி நைசாக அரைத்து, சிக்கரி கலந்தது. நனைந்ததும் களிமண்ணாக இறுகும். அதைப் போய் அமுக்கியிருக்கிறார். குழாய் ஏன் அடைத்தது என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் விருந்தாளிகள் வந்தபோது சரோஜா அக்கா மெஷினை ஓட்டியிருக்கிறார். குழாயை உடனே துடைக்காமல் விட்டதில் பால் உள்ளே காய்ந்து இறுகிவிட்டது.

“இப்ப எங்க நிக்கீங்க?”

“மெஷின் பக்கத்துலதான். கார்ட்லெஸ் போன எடுத்துட்டு வந்துட்டேன். கைப்பிடிய லேசாத் திருப்பினேன், உஸ்ஸுங்குது. கழத்திரட்டுமா?”

“தொடாதீங்க!”

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கத்தினால் அவர் பதறுவார். பதறினால் கை எங்கேயாவது படும். மூச்சை இழுத்துவிட்டு, டெமோவில் பேசுகிற குரலில் பேசினேன்.

“அண்ணாச்சி, கையக் கீழ போடுங்க. அப்படியே பின்னால நகந்து கூடத்துக்கு வாங்க. வந்துட்டு சொல்லுங்க.”

சப்பல் தேயும் சத்தம் கேட்டது. “வந்துட்டேன்.”

“உஸ்ஸுன்னு சத்தம் வந்துதே, மேல மூடிப் பக்கமா, முன்னால கைப்பிடிப் பக்கமா?”

“கைப்பிடிப் பக்கம். பாம்பு சீறுத மாதிரி, விட்டு விட்டு வருது. இங்கேயும் கேக்கு.”

கைப்பிடி பாதி கழன்ற நிலையில் இருக்கிறது. மெஷின் இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மெஷினின் பிளக் அதன் பின்னால் சுவரில் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பிடுங்க வேண்டுமானால் அவர் கைப்பிடிக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டும். அதற்கு நான் ஒப்பமாட்டேன். இன்னொரு வழி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரிக்கு மேலே நான் வரும்போதெல்லாம் பார்த்திருந்த மெயின் சுவிட்ச். அதை இழுத்தால் வீடு முழுவதும் கரண்ட் போகும். அடுப்படிக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

மெயினை அணையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில்தான் அவர் கையில் இருப்பது கார்ட்லெஸ் போன் என்பது நினைவுக்கு வந்தது. அதன் அடிப்பெட்டி கரண்டில் ஓடுகிறது. மெயினை அணைத்தால் போனும் செத்துவிடும். அந்த வீட்டில் வேறு போன் கிடையாது. எங்கள் கடையில் முதலாளியிடம் மட்டும்தான் மொபைல், அவரும் ஊரில் இல்லை. அதன் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவரைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. பேசிக்கொண்டிருந்தால் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று ஒரு நினைப்பு. ஆனால் பேச்சு மெஷினை ஆறவைக்காது. அந்தப் போன் என் தைரியத்துக்காக, அவர் உயிருக்காக அல்ல. அது புரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. லைன் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும்.

“அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. இப்ப நீங்க போய் மெயின அணைக்கணும். அணைச்சா போன் கட்டாயிரும். அதுக்குப் பொறவு எங்கிட்ட ஒண்ணும் கேக்க முடியாது. அணைச்ச உடனே கதவத் தெறந்து வெளிய போய்ப் படில உக்காருங்க. சத்தம் நின்னாலும் உள்ள போகக் கூடாது. நான் வந்து சொல்ற வரைக்கும் நீங்களும் போகக் கூடாது, வேற யாரையும் உள்ள விடவும் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை.

“தங்கச்சி, இதச் சரோஜாட்ட சொல்லணுமா?”

“சொல்லித்தான் ஆகணும் அண்ணாச்சி.”

“சரி. அணைக்கேன்.”

கட். லைனில் ஒன்றுமே இல்லை. ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். சொன்னபடி செய்துவிட்டார் என்பதற்கு எனக்கு இருந்த ஒரே அடையாளம் அந்த மௌனம்தான்.

அடுத்தது இன்னொரு சங்கடம். சரோஜா அக்கா அரைநாளில் வீடு திரும்புவார். பள்ளிக்கூடம் பக்கம். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். விஷயம் தெரியாமல் போனால் மெஷினைச் சரிசெய்யப் பார்ப்பார். தெரிந்து போனாலும் ஆத்திரத்தில் அதைத் தூக்கி எறியப் பார்ப்பார். எது பரவாயில்லை? தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவது மேல் என்று பட்டது. பள்ளிக்குப் போன் செய்து அவரைப் பேசக் கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “அண்ணாச்சிக்கு ஒன்றும் இல்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறார். நான் வரும்வரை அடுப்படிக்குள் போகாதீர்கள்” என்றேன். ஒன்றும் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நம்பித்தான் சொன்னேன். போனை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன். மெட்ரோவுக்காக ரோடு நெடுகத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பட்டேல் நகரைத் தாண்டியதும் தகரத் தடுப்புகள், பனி, ஹாரன். “பையா, ஜல்தி” என்று அவசரப்படுத்தினேன். “மேடம், உட்கே ஜாவூங் க்யா?” என்றார் ஆட்டோக்காரர். பறந்தா போகமுடியும்? நியாயம்தான். நான் ஜெபம் செய்ய நினைத்தேன். வார்த்தை வரவில்லை. பொய் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது. அவருடைய மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒத்திகை வேறு பார்த்தேன்.

படியேறும்போது முதலில் தெரிந்தது சரோஜா அக்காவின் சிவப்பு ஸ்வெட்டர். பக்கத்தில் அண்ணாச்சி. இருவரும் கடைசிப் படியில், ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வாசல் கதவு சாத்தியிருந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். கைகளைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அங்கேயே அவர்களுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“தங்கச்சிதானே? மூச்சு வாங்குது. மெல்ல ஏறி வரக்கூடாதா?” என்றார் அண்ணாச்சி.

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தயாரானேன். அவர் சொன்னது வேறு.

“நான் வந்த வேகத்துல அந்தச் சனியனத் தூக்கி வெளிய போட்டுருவோம்னுதான் வந்தேன் எஸ்தர். இவிய கதவு முன்னால ரெண்டு கையையும் விரிச்சு நிக்காவ. வழி விடுங்கேன், விடமாட்டேங்காவ. பிடிச்சுத் தள்ளிக்கூடப் பாத்தேன். ‘தங்கச்சி யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிருக்கு. நீ போனா உன் மூஞ்சிலதான் அடிக்கும். நான் விடமாட்டேன்’னுட்டாவ. கல்யாணம் ஆன நாள்லேந்து எங்கிட்ட இப்படிச் சத்தம் போட்டதே கெடயாது.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதது கோபத்தில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் அண்ணாச்சியை அக்காதான் பாதுகாத்துக்கொண்டிருந்தார். இன்று அண்ணாச்சி அக்காவைப் பாதுகாத்திருக்கிறார்.

பிறகு நான் மட்டும் உள்ளே போனேன். சத்தம் அடங்கியிருந்தது. ஆனாலும் கைப்பிடியைத் தொடவில்லை. ஈரத் துண்டை எட்ட நின்று மேலே போட்டுவிட்டு மறுபடி படிக்கே வந்து உட்கார்ந்தேன். மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். தென்காசிச் சாரல், டில்லிக் குளிர், சிங்கப்பூர் மகனின் கல்யாணப் பேச்சு. எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “க்யா ஹுவா, மாஸ்டர்னிஜி?” என்று கேட்டார், என்ன ஆச்சு டீச்சர் என்று. “குச் நஹீ, தூப் கா இந்தஜார்” என்றார் சரோஜா அக்கா. வெயிலுக்காகக் காத்திருக்கிறோமாம். உண்மையில் அப்போது கொஞ்சம் வெயிலும் வந்தது.

மெஷின் நன்றாக ஆறிய பிறகு குழாயின் நுனியை ஊசியால் குத்தித் திறந்தேன். உள்ளே மிச்சமிருந்த ஆவி சிணுங்கிக்கொண்டு வெளியேறியது. கைப்பிடி தானாகக் கழன்று வந்தது. உள்ளே பொடி, வெல்ல அச்சு மாதிரி கெட்டியாக இருந்தது. அண்ணாச்சியின் கையில் கொட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார். “இத வச்சு வீடே கட்டலாம் போலிருக்கே” என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

மெஷினை எடுத்துப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து, என் பையைத் திறந்துவைத்தேன். சரோஜா அக்கா மேல்தட்டிலிருந்து அந்தப் பில்டர் பொடி டப்பாவை இறக்கினார். தலையிலிருந்த ரப்பர் பாண்டைக் கழற்றி டப்பாவின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கணவரின் கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

“இது என் பொடி. இது இருந்தா தொடாதீங்க.”

பிறகு மெஷின் பக்கம் கையைக் காட்டி என்னிடம் சொன்னார். “இனிமே இத நான் தொடல எஸ்தர். நேத்து நான் ஓட்டிட்டுத் தொடைக்காம விட்டதுதான் பாதி வினை. இது அவிய மெஷின். அவியளே பாத்துக்கிடட்டும்.”

அண்ணாச்சி டப்பாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் கேட்கலாம், இதில் எங்களுக்கு என்ன பாடம் என்று. அபாயம் வந்ததும் ஏதாவது செய்யத்தான் கை துடிக்கும். பெரும்பாலும் நாம் செய்யவேண்டியது விலகி நிற்பதும், ஆறும்வரை பொறுப்பதும்தான். இன்னொன்று, வாடிக்கையாளரிடம் மெஷினைக் கொடுக்கும்போது அது முரண்டு பிடிக்கும் நாளுக்கான வழியையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தச் சுவிட்ச், எந்தக் கதவு, யாருக்குப் போன் செய்வது. நுரை அப்புறம் வரட்டும். அன்றைக்குப் பிறகு நான் போன ஒவ்வொரு வீட்டிலும் முதலில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தேன். சிலர் என்னை எலெக்ட்ரீஷியன் என்றே நினைத்தார்கள்.

அன்று கிளம்பும் முன் அண்ணாச்சி என்னை விடவில்லை. என் பையிலிருந்த மெஷின் பொடியைக் கொடுத்தேன். மெயினைப் போட்டோம். அவர் டம்ளரால் தண்ணீர் அளந்தார், பொடியை லேசாகத் தட்டி நிரப்பினார், காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மெஷின் முனகியது. சரோஜா அக்கா அடுப்படி வாசலில் நிற்கவில்லை. கூடத்துக்குப் போய், அண்ணாச்சியின் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். உள்ளே பால் கத்தியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. “ஸ்கூல்லேந்து ஓடி வந்தவளுக்குக் காபி உண்டா, கெடயாதா?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நான் கோப்பையை வாங்கியபோது காபி சாஸரில் சிந்தியது. சரோஜா அக்கா எழுந்து வந்து என் கையோடு சேர்த்துக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். நுரை கொஞ்சம் குறைவுதான், பால் ஒரு சூடு அதிகம். டெமோவில் யாராவது அப்படிப் போட்டிருந்தால் திருத்தியிருப்பேன். அன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அன்று கடைக்குத் திரும்பவில்லை. லோதி ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் போக ஜனக்புரியிலேயே பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முகத்தில் வெயில். நான் இறங்கவேண்டிய ஸ்டாப் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. கண்டக்டர் தோளைத் தட்டி, “மேடம்ஜி, ஆக்ரி ஸ்டாப்” என்று எழுப்பினார். கடைசி ஸ்டாப்பாம். பஸ்ஸில் என்னைத் தவிர யாரும் இல்லை. எந்த இடம் என்றுகூடக் கேட்காமல் இறங்கி, வெயிலில் மெல்ல நடந்தேன்.